பத்துக்கு ஒன்பது நரை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, சின்னது மூவரும் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் மேலே போகிறேன். இல்லையென்றால் இத்துடன் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் டாக்டரைப் பார். எழுதிக்கொள்வது என்றேனே தவிர, பேனா என் கையில் இல்லை. வலது கையில் மூன்று விரலுக்கும் இடது கையில் இரண்டுக்கும் துணி சுற்றியிருக்கிறது. நகத்தோரம் வெடித்து எரிகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நமக்கு விடிந்தால் உனக்கு ராத்திரி வேலை முடிந்து தூக்கம், உனக்கு விடிந்தால் எனக்குக் கடையில் ஆள் உட்கார்ந்திருக்கும். உன்னைப் பிடிப்பதற்குள் சொல்ல வந்தது பாதி மறந்துபோகிறது.

விரலைப் பற்றி நீ கவலைப்படாதே. பதினாறு வருடமாக அடுத்தவர் தலைக்குச் சாயம் பூசுகிற கை, இப்போதாவது கோபித்துக்கொண்டதே என்று டாக்டர் சிரித்தார். சாயம்தான் காரணமாம். கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் பூசுவேன். எனக்கு ஒரு நாளும் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. வேலைக்கு இரட்டைக் கையுறை போடச் சொல்லிவிட்டு, உங்கள் தலைக்குப் போடுவதை விட்டுவிட்டால் நல்லது, இன்றைக்கு விரல், நாளைக்கு மண்டை என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வகிட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை இறங்கிவிட்டது. ஆறு வாரமாகத் தலையில் துணி கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். முதலாளியம்மாவிடம் சாயத்தை விட்டுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "பல்லு போன பல் டாக்டர்கிட்ட யாராவது போய் வாயைத் திறப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் தப்பாகப் போயிற்று, நான் ஒத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டார். நாளைக்குத் துணி இல்லாமல் வர வேண்டுமாம், கறுப்பாகவும் வர வேண்டுமாம். உன் அப்பாவைக் கேட்டால் உனக்கு எது வசதியோ அது என்கிறார். தலையில் ஒன்றுமே மிச்சமில்லாதவருக்கு இந்த விஷயத்தில் ஓட்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன். மனுஷர் அதற்கும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு பார்சல் கொடுக்கப் போய்விட்டார்.

நீ பதில் போட்டு அது வந்து சேர்வதற்குள் இன்னும் ஒரு விரல் வளர்ந்துவிடும். ஆனாலும் உன்னைக் கேட்காமல் எப்படி? கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை ஒன்றும் அசிங்கமாக இல்லை. ஆனால் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற என்னைத்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இப்போதைக்கு நாளைக் காலை கலந்து பூசிக்கொள்வதாகத்தான் முடிவு. என் கை ஆகாது, சின்னது பூசிவிடுவாள். நாளை ஒன்பது மணிக்கு அவளுடைய தலைமையாசிரியை வேறு கடைக்கு வருகிறார், அவர் முன்னால் வேஷம் கலைந்து நிற்க முடியாது. போன கடிதத்தில் உனக்கும் இரண்டு வெள்ளை முடி வந்ததென்றும் பிடுங்கிப் போட்டதாகவும் எழுதியிருந்தாய். பிடுங்காதே, வேர் புண்ணாகும், அடியை ஒட்டிக் கத்தரித்துவிடு. வேலை முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. கண் சொக்குகிறது, மீதியை நாளைக்குச் சொல்கிறேன்.

அக்கா, இங்கிருந்து எழுதுவது நான், உன் தங்கை. அம்மா சொல்லி எழுதுவது இல்லை. அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கதவு இது ஒன்றுதான். இந்தப் பக்கத்தை உனக்கு அனுப்புவேனா, கிழித்துப்போடுவேனா என்று தெரியாது. எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறதே, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு அட்டை, அதில் சாயத்தின் எண், எத்தனை நிமிடம், நரை எவ்வளவு என்று எழுதி வைப்பாளே, அந்த அட்டைகள் எல்லாம் கறை படிந்து படிப்பதற்கே சிரமமாகிவிட்டன. விரல் இப்படி ஆனதால் புதிய அட்டையில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் எழுதினேன். அதில் பின்வாசல் வழியாக வருகிறவர்களுடைய அட்டை தனிக் கட்டு. கடை திறப்பதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக வந்து, திறப்பதற்குள் போய்விடுவார்கள். பதினோரு பேர். மூன்றாவது அட்டை எங்கள் தலைமையாசிரியை. நரை பத்துக்கு ஒன்பது, நாற்பது நிமிடம், நெற்றியோரம் மட்டும் ஐந்து நிமிடம் கூடுதல். நாற்காலியில் கேட்டது நாற்காலியோடு போக வேண்டும் என்று அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். நான் யாரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை அக்கா.

செவ்வாய்க்கிழமை காலை வரிசையில் நிற்கும்போது தலைமையாசிரியை எல்லோருடைய சடையையும் பார்த்துக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் உட்காருகிறவள் விடுமுறையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது முன்முடியில் ஒரு கற்றைக்கு மட்டும் சிவப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே ஒளித்துப் பின்னியிருந்தாள், ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் அந்தச் சடையைத் தூக்கிக் காட்டி, "பிறந்த நிறத்தை மாத்திக்கிறவங்களுக்குத் தன் மேலயே மரியாதை கிடையாது" என்றார். அதைக் கழுவிவிட்டு வந்தால்தான் வகுப்பு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அது கழுவினால் போகாது, வளர்ந்துதான் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் அழுதுகொண்டே பை எடுக்க வந்தாள். அவள் காதில், "அழாதடி, அவங்களுக்கே பத்துக்கு ஒன்பது நரை, எங்கம்மாதான் பூசுறா" என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்குச் சமாதானமாகத்தான் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்தினாள். ஆனால் வாசலுக்குப் போகிற வழியில் யாரிடமோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மதியத்துக்குள் கரும்பலகையில் இவ்வளவு பெரிதாக 9/10 என்று எழுதியிருந்தது. அறிவியல் டீச்சர் வந்து, யாருக்கு இத்தனை நல்ல மார்க், எழுந்திருங்கள், பார்க்கலாம் என்றார். வகுப்பே மேசைக்கடியில் புகுந்து சிரித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலைமையாசிரியை வந்தார். பலகையைப் பார்த்தார். துடைப்பானை எடுக்கவில்லை அக்கா, உள்ளங்கையாலேயே அழித்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்த எண் அம்மாவுக்கும் அவருக்கும் அட்டைக்கும் மட்டும்தான் தெரியும். நாளைக்கு ஒன்பது மணிக்கு அவர் பின்வாசலில் வந்து நிற்கப்போகிறார். அவர் முதலாளியம்மாவிடம் சொன்னால், விஷயம் பரவி மற்ற பத்துப் பேரும் வரமாட்டார்கள், அம்மாவை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். இது எதுவும் தெரியாமல் அம்மா அவருக்காகத் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ளப் போகிறாள், அதுவும் என் கையால். நேற்று அவள் துணி மாற்றும்போது விரலைப் பார்த்தேன். தலையும் அப்படி ஆனால் என்ன செய்வது? நான்கு நாளாக ஒவ்வொரு வேளையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கிறேன், உப்பு போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறேன். அப்பாவுக்கு நான் போட்ட உப்பில் ரத்தக்கொதிப்பே வந்துவிடும். நீ இங்கே இருந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய். யாரோ எழுந்துவிட்டார்கள், விளக்கை அணைக்கிறேன்.

பெரியவளே, மறுபடி நான்தான், அம்மா. இன்று சனிக்கிழமை, பிற்பகல். உன் தங்கைதான் எழுதுகிறாள், ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்பது இன்றைய தண்டனை. நான் நேற்றுச் சொன்னதற்கும் இந்தத் தாள்களின் கனத்துக்கும் கொஞ்சம்கூடப் பொருத்தமில்லை. நடுவில் என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் படிக்கவில்லை, படிக்கவும் மாட்டேன். ஆனால் எதைப் பற்றியிருக்கும் என்று தெரியும்.

காலை ஆறரைக்குக் கிண்ணத்தில் கலந்து வைத்துவிட்டு, தோளில் பழைய துண்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இவள் கையுறை போட்டுக்கொண்டு தூரிகையோடு பின்னால் நின்றாள். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். என்னடி, சுவருக்கா வெள்ளையடிக்கப்போகிறாய், வகிட்டிலிருந்து தொடங்கு என்றேன். தூரிகை கீழே விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இவள் வாயிலிருந்து அட்டை, சிவப்புக் கற்றை, கரும்பலகை என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அறைந்திருப்பேன். கழுதை, வாயாடி, என் சோற்றில் மண்ணள்ளிப் போட வந்தவள் என்று எல்லாம் சொன்னேன். இந்த இடத்தில் உன் தங்கையின் பேனா நிற்கிறது. நிற்கட்டும், ஆனால் எழுதிவிட்டுத்தான் நகர வேண்டும்.

திட்டி முடித்தபோது கிண்ணத்தில் இருந்தது கறுத்து மேலே ஏடு கட்டிவிட்டது. வேறு கலக்க நேரம் இருந்தது. ஆனால் எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மாளுடைய ரகசியம் நம் வீட்டிலிருந்து வெளியே போய்விட்டது. என்னுடையதை மட்டும் பூசி மூடிக்கொண்டு போய் அவர் முன்னால் மன்னிப்புக் கேட்க எந்த முகத்தோடு நிற்பேன்? கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு, துணி கட்டாமல் அப்படியே போனேன். அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது, "வெயில்ல நல்லா மின்னுது" என்றார். பாராட்டா கிண்டலா என்று இன்னும் தெரியவில்லை.

அவர் சரியாக ஒன்பதுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையைக் கட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். சொன்னது என் பெண், அட்டையை அவள் கையில் கொடுத்தது நான், தப்பு என்னுடையது, நீங்கள் முதலாளியம்மாவிடம் சொன்னாலும் நியாயம்தான் என்றேன். கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாலு நாளா தூக்கமில்ல. நீங்கதான் யார்கிட்டயோ சொல்லிச் சிரிச்சிட்டீங்கன்னு நினைச்சேன். பொண்ணுன்னு கேட்டதும் அப்பாடான்னு இருக்கு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் என் வகிட்டைப் பார்த்து, உங்களுக்கு எத்தனை என்று கேட்டார். பத்துக்கு ஆறு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

இதோ அவரும் சாயத்தை விட்டுவிடப்போகிறார் என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அதெல்லாம் இல்லை. "எனக்குக் கறுப்பே போடுங்க. இப்ப வெள்ளையா போய் நின்னா, அந்த போர்டுல எழுதினதுக்கு நானே டிக் போட்ட மாதிரி ஆயிடும்" என்றார். இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு பூசினேன். ஊறுகிற நாற்பது நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர், அலசும்போது, அந்தச் சிவப்புக் கற்றைப் பெண் திங்கள்கிழமை வகுப்புக்கு வரட்டும், நான் சொன்னது அதிகம்தான் என்றார். உங்கள் பெண் முதல் மணிக்கு என் அறைக்கு வரட்டும் என்றும் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதமும் இதே நேரம்தானே என்று கேட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்.

முதலாளியம்மா பத்து மணிக்கு வந்து என் தலையைப் பார்த்தார். வெளியே அனுப்பவில்லை, அவ்வளவு சுலபமாக என்னை இழக்க அவராலும் முடியாது. ஆனால் ஜன்னலோர நாற்காலியைப் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எது எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்ல வேண்டுமாம். மூளை எப்போதும் உள்ளேதான் இருக்கும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன். பதினாறு வருடம் வெளிச்சம் விழுந்த இடம், கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. உனக்கு ஏன் மறைக்க வேண்டும்? மறுபடி பூசிக்கொள்வாயா என்று கேட்டால், இன்றைக்கு இல்லை என்பதுதான் பதில். நாளைக்கு என்ன தோன்றுமோ, தோன்றும்போது பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி வேலைக்கு ஸ்வெட்டரை மறக்காதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடந்து, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறக்காமல் செய். திங்கள்கிழமை முதல் மணிக்கு இவள் அந்த அறைக்குத் தனியாகத்தான் போக வேண்டும், நான் கூடப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலையிலிருந்து இவள் சாப்பிடவில்லை. கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்காமல், இவளையே போனில் படம் எடுத்து இன்றே அனுப்பச் சொல்கிறேன். பார்த்ததும் இவளிடம் ஒரு வார்த்தை பேசு. திட்ட வேண்டாம். அந்த வேலையை நான் முடித்துவிட்டேன்; நான் சொல்லாமல் விட்டதை நீ சொல்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா