உருண்டையின் உயரம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம், நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், இருமலும் போய்விட்டது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிற்றுக்கிழமை நான் வேலை பார்க்கும் மைதானத்தில் சிறுவர் லீக் கால்பந்து. சுண்ணாம்புக் கோடு போட்டது நான்தான். அதை யாரும் தாண்டக் கூடாது என்று எல்லோரையும் விரட்டுபவனும் நான்தான். ஜெயித்தால் எங்கள் பையன்களுக்கு இறுதிப் போட்டி. ஆளுக்கு ஒரு கோல் என்று சமநிலை, உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கடைசி நிமிடத்தில் எங்கள் கேப்டன் கூட்டாளிக்குப் பந்தைத் தட்டிவிட்டுக் குப்புற விழுந்தான். மறுநொடி நான் கோட்டைத் தாண்டி அவன் பக்கத்தில் நிற்கிறேன்! எப்படி ஓடினேன், சத்தியமாகத் தெரியாது. "டேய் உருண்டை!" என்று அலறினேனாம். பந்து வலைக்குள் போயிருந்தது. நடுவர் விசில் ஊதிவிட்டார். வெளியாள் உள்ளே வந்ததால் கோல் செல்லாது.

கேப்டன் எழுந்து முட்டியைத் தட்டினான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலண்ணே. யாரு உருண்டை?"

"என் பையன்டா. உன்னை மாதிரியேதான் இருப்பான்."

"அவனும் அஞ்சாவதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் உருண்டை இப்போது பத்தாவது. நான் வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பியபோதுதானே அஞ்சாவது!

பயப்படாதே, திட்டோடு விட்டுவிட்டார்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று மாத்திரை எதுவும் அனுப்பாதே. போனில் அவன் முகம்தான் தெரிகிறது. அவனைச் சுவரோடு நிற்கவைத்து, உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு நூலால் அளந்து கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. மழை வருகிறது, வலையைக் கழற்ற வேண்டும். அந்த நூல் என் நெஞ்சு வரை வருமா, தோள் வரை வருமா என்று நானே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்