பார்த்தேன் என்று சொன்னது

14 மே 1973

துணி துவைக்கிற மிஷின் இன்றும் தண்ணீர் எடுக்கவில்லை. கதவைச் சாத்தித் திருகைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். வட்டக் கண்ணாடிக்குள் என் வீட்டுக்காரருடைய எட்டு வேட்டியும் காய்ந்தபடியே கிடக்கின்றன. கொழுந்தன் பத்மராஜ் ஜெர்மனியிலிருந்து கப்பலில் போட்டு அனுப்பிய சாமான். தெருவே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. மூன்று வாரம் ஒழுங்காகத் துவைத்தது. அப்புறம் தண்ணீர் ஏறுவது தினம் தினம் மெதுவாகி, முந்தாநாளோடு நின்றே போய்விட்டது. மறுபடி கிணற்றடிக் கல், மறுபடி என் இடுப்பு.

அத்தைக்கு உள்ளுக்குள் குளிர்ச்சி. "கை கால் நல்லாத்தான இருக்குது மருமவளுக்கு?" என்று பக்கத்து வீட்டு நீலாம்பாளிடம் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

17 மே

பூவராகவன் மோட்டார் கடையிலிருந்து ஆள் வந்தான். முனிரத்தினம் என்று பேர். காலனிப் பையன் என்று அத்தை முகம் சுளித்தார். பையன் என்ன பையன், இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் காகிதத்தில் வரிசையாக வைத்து நம்பர் எழுதுகிறான். என் அடுக்களையில்கூட அந்த ஒழுங்கு இல்லை.

வேலை செய்துகொண்டே பேசினான். "நாலு வருசமா கடையில இருக்கறம்மா. வயர்மேன் லைசென்சுக்கு மனு போடணும். ஜூன் பதினஞ்சு கடைசி. மொதலாளி அனுபவச் சான்று தரேன்னுக்கினு இருக்கறாரு. இந்த மிசின ஓட்டிக் காட்டு, கையெழுத்து போடறேன்னாரு."

மேலே சோப்புத் தட்டு வழியாகக் குடத்துத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். மிஷின் சுற்றியது. பின்பக்கத்துக் குழாயைக் கழற்றிப் பிடித்தான். தண்ணீர் நூல் கனத்துக்கு வழிந்தது. "மிசினு நல்லா இருக்குதும்மா. தண்ணிதான் வரல. மாடித் தொட்டிய ஒரு தரம் பாக்கணும்."

மாடிப்படி அடுக்களை வழியாக. அத்தை விடுவாரா? "தொட்டியெல்லாம் எங்க பாடு. நீ மிசின பாருப்பா" என்று வாசற்படியில் நின்றுவிட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். "நீங்களாச்சும் ஏறி, குழா வாயில எதுனா அடைச்சிக்கினு இருக்குதான்னு பாத்து சொல்லுங்கம்மா."

பாதிப் படி ஏறினேன். மணி ஒன்று. மாடித் தரை கொதிக்கிறது, செருப்பு இல்லை. தொட்டியின் மேல் விளிம்பு ஈரமாக இருந்தது தெரிந்தது. அது போதாதா? இறங்கி வந்து, "பாத்தேம்பா. நெறய இருக்குது, அடைப்பு ஒண்ணும் இல்ல" என்றேன்.

கையிலிருந்த குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து மிஷினின் முதுகைக் கழற்ற ஆரம்பித்தான்.

19 மே

இரண்டு நாளாக அக்கக்காகப் பிரித்து, துடைத்து, பூட்டிவிட்டான். தண்ணீர் மட்டும் வரவில்லை. தன் கடையிலிருந்து வீட்டுக்காரர் வந்ததும் ஒரே கூச்சல். "நல்லா இருந்த சாமானப் பிரிச்சுப் போட்டு நாசம் பண்ணிட்டு, மிசின்ல கோளாறு இல்லன்னு எங்கிட்டயே சொல்றியா?" முனிரத்தினம் சாமான்களைப் பைக்குள் அடுக்கினான். பையை எடுத்து சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனான். இவர் அதோடு விடாமல் பூவராகவனிடம் போய், இவனெல்லாம் ஒரு ஆளா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கும் கோபம்தான். மிஷினில் கோளாறு இல்லை என்று பொய் ஏன் சொல்ல வேண்டும், இரண்டு நாள் வீணாக்கினான்.

26 மே

சான்று தர முடியாது என்று பூவராகவன் சொல்லிவிட்டாராம். முனிரத்தினம் கடைக்கு வருவதில்லையாம். நீலாம்பாள் சொன்னாள். இங்கே இடுப்பு வலி.

9 ஜூன்

மிளகாய் காயப்போட மாடிக்குப் போனேன். தொட்டிச் சேற்றை வழித்துக் கொட்ட ஆள் வரப்போகிறானே என்று மூடியைத் தள்ளிக் குனிந்து பார்த்தேன்.

துணி.

மிஷினுக்குப் போகும் குழாய் வாயில், இரண்டு மடிப்பாக, பட்டு நூலால் இறுக்கிக் கட்டிய துணி. என் பழைய மெல்லிய பருத்திப் புடவைத் துண்டு. நான் கட்டியதுதான். சித்திரையில், மிஷின் பூட்டிய மறுநாள். வடிகட்டாத தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சோப்பும் போட்டால் எத்தனை உயிர் சாகும் என்று நானே ஏறிக் கட்டினேன். வடிகட்டிய துணியைத் தினமும் அலசி, அதில் ஒட்டியதைக் கிணற்றுக்கே திருப்பி விட வேண்டும். அதுதானே நம் ஜைன முறை? இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் மறந்தவள் மறந்தவள்தான். பாசியும் சேறுமாகக் களிமண் அடை போல இருந்தது. நகத்தால் பிய்த்து எடுத்தேன்.

கீழே போய்த் திருகைத் திருப்பினேன். தண்ணீர் இரைச்சலோடு பாய்ந்தது.

துணியை அலசிய தண்ணீரைக் கிணற்றில் விட்டேன். எதை விட்டேன்? அதில் உயிரோடு என்ன இருந்திருக்கும்?

10 ஜூன்

"பாத்தியா, அவன் கைய எடுத்தான், தானா சரியாயிடுச்சு!" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவன் மனுவுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

11 ஜூன்

சொன்னால் என்ன? கொன்றுவிடுவார்களா? என் மருமகள் இந்திராவைப் போலத் தண்ணீர் வடிகட்டுகிறவள் கிடையாது என்று அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். என்னைப் பற்றி அவர் சொல்லும் ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் தொலைக்க வேண்டுமா? ஒன்றரை மாதத்துக்கு மேல் அலசாத துணி என்று தெரிந்தால்— சீ, நான் ஒரு மனுஷியா! அவன் பிழைப்பு போகிறது, எனக்குப் பேர் போகிற கவலை.

13 ஜூன்

பூவராகவன் கடை வரைக்கும் போனேன். அவர் இல்லை, திரும்பிவிட்டேன்.

இங்கேயும் பொய். இருந்தார். நான்தான் எதிர்க்கடையில் கடுகு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

15 ஜூன்

இன்று பதினைந்து.

13 செப்டம்பர்

பத்து நாள் விரதம் முடிந்து இன்று மன்னிப்புக் கேட்கும் நாள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுக்க வேண்டும் என்று அத்தையிடம், அவரிடம், நண்டு சிண்டு முதல் எல்லாரிடமும் கேட்டேன். எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். எவ்வளவு சுலபம்.

திருப்பருத்திக்குன்றம் கோயிலிலிருந்து பிள்ளையார்பாளையம் வழியாகத் திரும்பினேன். அத்தை வண்டியில் முன்னால் போய்விட்டார். சாயப்பட்டறை வாசலில் முனிரத்தினம் பட்டு நூல் கற்றையைப் பிழிந்துகொண்டு நின்றான். முழங்கை வரைக்கும் சிவப்பு. கால் தானாக நின்றுவிட்டது.

"முனிரத்தினம், நான் செஞ்சதுக்கு... மன்னிச்சிடுப்பா" என்றேன். தொட்டியில் துணி இருந்தது, நான்தான் கட்டினேன் என்று சொல்லிவிட்டேன். ரோட்டில் வைத்து.

அவன் ஆச்சரியப்படவே இல்லை. "தொட்டியிலதான் அடைப்புன்னு அன்னிக்கே தெரியும்மா. குழாய கையில புடிச்சப்பவே தெரிஞ்சிபோச்சு. நீங்க பாத்தேன்னீங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னு உங்க ஊட்டுல நின்னு நான் சொல்ல முடியுமா? அதான் மிசின பிரிச்சேன்."

மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா. மறுக்கா மனு ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும் வாங்குறாங்க. கோளாறு மிசின்லயும் இல்ல, என் கையிலயும் இல்லன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. மொதலாளிகிட்ட காட்டுனா கையெழுத்து போடுவாரு."

"கண்டிப்பா தரேன்" என்றேன். கையிலிருந்த சிவப்பு மண்ணில் சொட்டச் சொட்டக் கும்பிட்டான். என்னைப் போய்!

20 செப்டம்பர்

எழுதிவிட்டேன். நாலு காகிதம் கிழித்து ஐந்தாவதில். துணி கட்டியது நான், அலசாதது நான், ஏறிப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னதும் நான். கீழே முழுப் பேரும் போட்டுக் கையெழுத்திட்டேன். மிஷின் அறை அலமாரியில் சோப்புத் தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே என்னைத் தவிர யார் போகிறார்கள்?

14 அக்டோபர்

தீபாவளி கழியட்டும்.

5 டிசம்பர்

மழை. அத்தைக்கு மூட்டு வலி. இந்த நேரத்தில் வெளியே எப்படிப் போவது? போக முடியாதா, போக மனசில்லையா?

11 ஜனவரி 1974

சாயப்பட்டறையிலிருந்து ஒரு பெண் சாயம் போடப் புடவை கேட்டு வருகிறாள், பொன்னியம்மாள். அவளிடம் கொடுத்தனுப்பினால் போதும். இன்று வந்தாள். அவர் வீட்டில் இருந்தார். அடுத்த தடவை கட்டாயம்.

4 பிப்ரவரி

மிஷின் பிழிகிற வேகத்தில் கொஞ்ச நாளாகத் தத்தித் தத்தி நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, அவரும் தெருக்கோடி ஆள் ஒருவரும் சேர்ந்து தூக்கி, குட்டையாக இருந்த காலுக்கு அண்டை கொடுத்திருக்கிறார்கள். நான் கோயிலில் இருந்தேன்.

இன்று காலை துணி போடக் குனிந்தபோது பார்த்தேன். அந்தக் காலுக்கு அடியில் எட்டாக மடித்த காகிதம். ஓரத்தில் நீல மையில் என் பேரின் பாதி தெரிகிறது. டப்பாவுக்குப் பின்னால் கை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. மனுவுக்கான கடைசித் தேதியும் போன வியாழக்கிழமையோடு போய்விட்டது.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். "எப்படி? அசையுதா பாரு! அலமாரியில என்னமோ பழைய காகிதம் கெடந்துச்சு, அத மடிச்சு வச்சேன்."

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

மூன்று வாளித் துணி போட்டேன்.