பத்து போல்ட்டும் பத்துப் பொட்டும்

டேய் சீனு, என் தம்பி,

வண்டியைத் திறந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாயே, கௌடருடைய அந்த வெள்ளைப் பந்தய வண்டி. நீ போய் ஐந்து மாதம் கழித்துத்தான் இந்த அண்ணனுக்குப் புத்தி வந்தது. உன்னைப் பழித்தது பலபேர் முன்னால். அதனால் இந்தக் கடிதத்தையும் பலபேர் படிக்கட்டும்.

படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஓசூரில் பெங்களூர் ரோட்டோரம் நம் தகரக் கொட்டகை. மலைப்பாதைப் பந்தயத்துக்காகக் கௌடர் கொண்டுவந்த வண்டியில், இன்ஜின் பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட்டைச் சமமாகச் சீவி, நடுவில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் புது கேஸ்கட் வைத்து மாட்டினோம். இன்ஜின் பிளாக்கில் போல்ட் இறங்கும் ஓட்டைகளைச் சுத்தம் செய்வது என் வேலை. அளவு வந்ததும் டக்கென்று சொல்லும் டார்க் ரெஞ்சு பிடித்து முறுக்குவது உன் வேலை. உன் கையின் நிதானம் எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

இன்ஜினை ஒருமுறை சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி முறுக்க வேண்டும். அப்படி முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டும் ஹெட்டும் சேரும் இடத்தில், உன் மனைவி சாந்தாவின் நகப்பூச்சை எடுத்துச் சிவப்பாக ஒரு பொட்டு வைப்பாய். போல்ட் துளி அசைந்தாலும் பொட்டு உடைந்துவிடும். “முகூர்த்தம் எப்படா?” என்று கிண்டல் செய்வேன். நீ சிரித்துக்கொண்டே அடுத்த போல்ட்டுக்குப் போய்விடுவாய்.

பந்தயத்தில் இரண்டாவது ஏற்றத்திலேயே வண்டி நின்றது. பின்னால் வெள்ளைப் புகை. ரேடியேட்டர் கொதித்துப் பொங்கியது. ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தது. கேஸ்கட் போய்விட்டது என்று சொல்ல மெக்கானிக்கே வேண்டாம். ஆனால் ஏன் போனது? கயிறு கட்டி இழுத்துவந்த கௌடரும் அதையேதான் கன்னடத்தில் கேட்டார்.

“ஏன் மேஸ்த்ரி, ஏனாயித்து?”

கொட்டகையில் மூன்று வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. ஸ்பேனரைக்கூடத் தொடாமல் சொல்லிவிட்டேன்: “என் தம்பி ரெண்டாந்தரம் முறுக்கியிருக்க மாட்டான் சார். அன்னிக்கி குந்தாரப்பள்ளி சந்தைக்கி மாடு பாக்கப் போயிட்டான்.”

“போறதுக்கு முன்னாடியே முறுக்கிட்டேண்ணா. பொட்டு வெச்சிருக்கேன். தொறந்து பாரு.”

“பொட்டு வெச்சா போதுமாடா?”

ஹெட்டின் மேல்மூடியைக் கழற்றினால் தெரிந்திருக்கும். ஆறு நட்டு, ஐந்து நிமிட வேலை. எந்த வண்டி வந்தாலும் திறக்காமல் வாய் திறக்காதவன் என்று பேர் வாங்கியவன், சொந்தத் தம்பி விஷயத்தில் ஏன் திறக்கவில்லை?

கௌடர் கோபத்தில் வண்டியை நம் மூலையிலேயே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் நீ வரவில்லை. தொழிற்பேட்டையில் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டாய் என்று அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது. “போகட்டும், ரெண்டு மாசத்தில் தானே வருவான்” என்று வீறாப்பாக இருந்தேன். நீ வரவில்லை, உனக்கு மஞ்சள் காமாலைதான் வந்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் உன் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. நீ வேறு எதையும் கேட்கவில்லை.

“அண்ணா, வண்டியத் தொறந்தியா?”

“மொதல்ல ஒடம்பப் பாருடா.”

மூன்றாம் நாள் நீ இல்லை. உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான்.

போன வாரம் கௌடர் ஆள் அனுப்பினார், வண்டி வேண்டுமாம். மேல்மூடியைக் கழற்றினேன். பத்து போல்ட், பத்துப் பொட்டு. ஒன்றுகூட உடையவில்லை.

பிறகு போல்ட்டுகளைக் கழற்றினேன். ஒன்பது காய்ந்து வந்தன. இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவே இருந்த ஒரு போல்ட் மட்டும் ஆயில் சொட்டச் சொட்ட வந்தது. ஓட்டையின் அடியில் பழைய ஆயில் தேங்கிக் கிடந்தது. போல்ட் அதன்மேல் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ரெஞ்சு டக்கென்று சொல்லிவிட்டது, நீயும் நம்பிவிட்டாய், ஆனால் ஹெட் அந்த இடத்தில் அழுந்தவே இல்லை. கேஸ்கட் சரியாக அங்கேதான் எரிந்து, தண்ணீர் போகும் வழிவரை கிழிந்திருந்தது.

அன்று கரண்ட் இல்லை, கம்ப்ரெசர் ஓடவில்லை. காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டிய ஓட்டைகளைத் துணியை விட்டுத் துடைத்துவிட்டு, “சரி, மாட்டுடா” என்று சொன்னது யார்? நான்தானே.

ஹெட்டை மறுபடி சீவி வாங்கிவந்தேன். பத்து ஓட்டைக்கும் காற்றடித்து, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தேன். புது கேஸ்கட் வைத்து, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி முறுக்கினேன். பொட்டு வைக்க நகப்பூச்சு இல்லை. சாந்தா வீட்டு வாசலில் போய் நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

அவள் அழவில்லை. “அவரு சரியாத்தான் முறுக்குனாருன்னு எனக்கு அப்பவே தெரியும் மாமா. ஒங்களுக்குத் தெரியணும்னுதான் அவரு தவிச்சாரு” என்றாள். உள்ளே போய் பாட்டிலை எடுத்துவந்தாள். காய்ந்து கிடந்தது. “நான் இப்ப வெக்கறதில்ல. கொஞ்சம் தின்னர் ஊத்துனா எளகும்” என்றாள்.

“நீயே வந்து வெய்யும்மா” என்றேன். வந்தாள். குனிந்து, பத்துப் பொட்டையும் அவள்தான் வைத்தாள். அதே நிதானம், உன் கை மாதிரியே.

ஞாயிற்றுக்கிழமை கௌடர் வருகிறார். அன்று நின்ற அந்த மூன்று பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். சாந்தாவும் இருப்பாள். அவர்கள் முன்னால், இது என் பிழை, என் தம்பியின் வேலையில் குறையே இல்லை என்று சொல்வேன். சத்தியம்டா.

இப்படிக்கு,
வண்டியைத் திறந்து பார்த்துவிட்ட
உன் அண்ணன்