கதவுக்கு உள்ளே இருந்தவள்

1957, ஆனி 3

புளி காயப் போட்டேன். பாதிக்கு மேல் பூச்சி. மூத்தவன் பெண்டாட்டி மீனாளைச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வாள். சொல்லத்தான் சொன்னேன்.

கதை முடிந்துவிட்டது. மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நான் எழுதிய கதை. மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்று பெண்களுக்கென்று போட்டி வைத்திருக்கிறது. அனுப்புமுன் யாரிடமாவது கொடுத்து எப்படி இருக்கிறதென்று கேட்க வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. கதையில் வருகிறவள் யார், அதற்கு முன்னால் அவள் பட்டது என்ன — இதையெல்லாம் படிக்கிறவரிடம் எவ்வளவு சொல்வது?

கதையில் வருகிறவள் என் ஓரகத்தி ஆவுடையாள். அடுத்த அறையில் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறாள்.

ஆனி 5

எனக்கு எதுவும் மறக்காது. இளையவன் முருகப்பனுக்கு அப்போது ஏழு வயது. மூத்தவர் வீட்டுக்கு, ஆவுடையாளுக்கு, அவனைச் சுவீகாரப் பிள்ளையாகக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று பங்காளிகள் பேசினார்கள். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். என்னை யார் கேட்டது? சபையில் மஞ்சள் நீர் குடித்தான். அன்றிலிருந்து ஆவுடையாள் அவனுக்கு ஆத்தா, நான் சின்னாத்தா. ஒரே வீடு, நடுவில் ஒரே வளவு முற்றம்.

மறு வருஷம் அவனுக்குக் காய்ச்சல். அவள் அறை வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் "ஆத்தா, தண்ணி" என்றான். அவள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "சின்னாத்தான்னு சொல்லு. அப்புறம் குடிப்ப" என்றாள். நாக்கு உலர்ந்த பிள்ளை. அழுது பார்த்தான். கடைசியில் சொன்னான். செம்பு கையில் இருந்தபடியே, என்னைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். அன்று அவள் கட்டியிருந்தது அரக்குச் சேலை, முந்தியில் கிழிசல். கிழிசலையும் கதையில் எழுதியிருக்கிறேன்.

எழுதாதது ஒன்று உண்டு. அதற்கெல்லாம் முன்னால் அவளே பெற்ற பிள்ளை ஒன்று இருந்தது, ஆதப்பன். மூன்று வயதில் வாந்திபேதி. அவள் தூக்கினால் திமிறிக்கொண்டு என்னிடம் தாவுவான். என் மடியில்தான் போனான், சின்னாத்தா, சின்னாத்தா என்று சொல்லிக்கொண்டே. பெற்றவள் பக்கத்தில் நின்றாள். அவளைக் கூப்பிடவில்லை.

அதை எழுதினால் கதை அவளுடையதாகிவிடாதா?

ஆனி 9

சோதித்துப் பார்க்கலாமென்று மீனாளிடம் கதையைக் கொடுத்து, ஆதப்பன் சங்கதியையும் வாயால் சொன்னேன். படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"பெரியத்தை பாவம்ங்க அத்தை."

"தண்ணிக்கு ஏங்கினது எம்பிள்ளை. பாவம் அவளா?"

"அதுவும் பாவந்தான். இருந்தாலும்..."

இருந்தாலும் என்கிறவளிடம் பேச்சென்ன. சொன்னது ஒரு பிடி, அதற்குள் கட்சி மாறிவிட்டாள். சாயந்திரம் ஆவுடையாளுக்குக் கஞ்சியில் நெய் விட்டுக் கொண்டுபோகிறாள். என் நெய்.

ஆனி 14

சூசைராஜ் வாத்தியார் கீரனூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் வீட்டு விவகாரம் தெரியாது. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன்.

"எழுத்து நல்லாருக்கு ஆச்சி. அந்தப் பொம்பளைதான் நம்புற மாதிரி இல்ல. காய்ச்சல்ல கெடக்குற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காம யாரு நிப்பா? முன்னாடி அவளுக்கு என்னமோ நடந்திருக்கணும்."

"தேள் கொட்டுனா அதுக்கு ஆத்தா அப்பன் யாருன்னு விசாரிப்பீங்களா வாத்தியாரே?"

சிரித்தார். "காரணத்தைச் சொன்னா கதைக்கு நல்லது. ஒங்களுக்கு நல்லதில்ல போலருக்கு."

காப்பி கொடுத்தது வீண்.

ஆனி 15

சொன்னால் அவளுக்காக அழுகிறார்கள். சொல்லாவிட்டால் அப்படி ஒருத்தி இருக்கவே மாட்டாள் என்கிறார்கள். அப்போ நான் என்ன பொய்யா சொல்றேன்?

ஆனி 20

அவளிடமே படித்துக் காட்டினால்? தஞ்சாவூர்ப் பக்கம் யாரோ எழுதியது என்று சொல்லி. அவள் வாயாலேயே அவளைத் திட்டவைக்க வேண்டும். அதைவிட நல்ல அபிப்பிராயம் எந்தப் பத்திரிகைக்காரன் தரப்போகிறான்.

ஆனி 22

படித்தேன்.

"என்னடி புதுசா? தாளைத் தலைகீழாப் பிடிச்சிருக்கியான்னு பாத்துக்க" என்றாள் எடுத்தவுடன். வாய் மட்டும் விழவில்லை அவளுக்கு.

தண்ணீர் வருகிற இடத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். உத்தரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"எப்படி இருக்கு ஆச்சி?" என்று கேட்டேன்.

"அவளுக்கு நல்ல சாவு வராது."

முப்பது வருஷம் கழித்து. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆனி 23

காலையில் அவளே கூப்பிட்டாள்.

"மெய்யம்மை, நேத்து நீ படிச்சதுல ஒண்ணு கொறையுது. அவ கதவைச் சாத்துனதோட விட்டுட்ட. உள்ளே என்ன நடந்துச்சுன்னு இல்ல."

நான் சன்னல் கதவைத் திறந்துவிட்டேன்.

"இவனும் அந்தச் சின்னாத்தாகிட்டப் போயிருவானோன்னு கதவுல முதுகைக் குடுத்து ஒக்காந்திருந்தா. அவனுக்குக் காய்ச்சல் விடுற மட்டும் இவளும் பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடந்தா. நீ வெளியில நின்னவ, ஒனக்கு எப்படித் தெரியும். சேத்துக்க."

தஞ்சாவூர்க் கதை என்று அவள் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை.

"ஆதப்பனையும் எழுது. ரெண்டையும் எழுதி, எம்பேரைப் போட்டே அனுப்பு. இல்லாட்டி அனுப்பாத. முருகப்பன் மெட்ராசுல அந்தப் புஸ்தகம் படிக்கிறவன்."

ஆனி 24

உள்ளே நடந்தது எனக்குத் தெரியாதுதான். கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்த இடம் — நல்ல இடம். எனக்குத் தோன்றாமல் போயிற்றே. சேர்த்தால் பரிசுகூட வரும்.

சேர்க்க மாட்டேன். அன்னைக்கு ஒரு மடக்கு குடுத்தாளா எம்பிள்ளைக்கு?

ஆனி 25

எதையும் சேர்க்காமல், எழுதியது எழுதியபடியே தபாலில் போட்டேன்.

ஆவணி 19

அச்சில் வந்துவிட்டது. பரிசு இல்லை. மீனாள் புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். எடுத்துப் போய் ஆவுடையாள் தலைமாட்டில் வைத்தேன்.

புரட்டாசி 6

முருகப்பன் வந்தான். வந்தால் நேராக அவள் அறைக்குப் போகிறவன், முகப்பிலேயே நின்றான். கையில் புத்தகம். மீனாளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தான்.

"எனக்கு அந்தத் தண்ணி ஞாபகம் இருக்கு சின்னாத்தா. கனாவுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மீனாள் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஆவுடையாள் குரல் வந்தது. "நீ சும்மா இரு மீனா. மெய்யம்மை சொல்லட்டும். வேற யாரு சொன்னாலும் சாக்குன்னுதான் அவனுக்குப் படும்."

"அவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்க? ஒங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டான் முருகப்பன்.

ஆத்தா என்று சொல்லவில்லை. அவங்க என்றான். கவனித்தேன்.

"தெரியாதுப்பா" என்றேன். அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

புரட்டாசி 7

அவள் அறை வாசலில் நின்றே சொல்லிக்கொண்டு போனான். அவள் நல்ல கையை நீட்டினாள். ஆபீசில் லீவு இல்லை என்றான்.

மீனாள் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஐப்பசி 11

ஆவுடையாள் போய்விட்டாள். கடைசியில் தண்ணீர் கேட்டாளாம். மீனாள் ஊற்றினாள். நான் வளவில் மல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசி 12

முருகப்பன் வந்து கொள்ளி வைத்தான். கண் கலங்கவில்லை. ஊரார் முன்னால் அவனை யாரும் குறை சொல்ல முடியாதபடி எல்லாம் செய்தான். அவ்வளவுதான் செய்தான்.

நான் ஜெயித்தேன் என்றுதானே எழுத வேண்டும்.

ஐப்பசி 28

காரியமெல்லாம் முடிந்தது. "இப்பவாச்சும் சொல்லுங்க அத்தை" என்றாள் மீனாள். இத்தனை நாளில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

சொல்லலாமென்றுதான் இருந்தேன். முருகப்பன் திருமயம் பஸ்ஸுக்குப் புறப்பட்டான். வாசல்வரை கூடவே போனேன். ஒரே ஒரு தடவை ஆத்தா என்று கூப்பிடட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று மனசில் வைத்துக்கொண்டேன். மடியில் போன ஆதப்பனையும், கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தவளையும்.

பையைத் தோளில் மாட்டினான். செருப்பைப் போட்டான். குடையை எடுத்தான். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"போறேன், சின்னாத்தா."

வாரேன் என்று சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.