எஸ்தர் எடுத்துக்கொண்ட ஒரு வருஷம்

காஞ்சிபுரம்
14 ஜூலை 2024

அன்புள்ள அப்பாவுக்கு எஸ்தரின் ஸ்தோத்திரம்.

போனில் பேசினால் சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதி, படம் பிடித்து, அம்மா போனிலிருந்து அனுப்புகிறேன். மஸ்கட்டில் வெயில் கடுமையாமே. லாரியில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினீயரிங் சீட்டை நான் பயந்து விடவில்லை அப்பா. என்னோடு படித்த தீபிகா அந்தப் படிப்புக்குப் போட்டாள், நானும் போட்டேன். சீட் கிடைத்தபிறகுதான், எனக்கு எது பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது என்று புரிந்தது. ஒரே ஒரு வருஷம் கொடுங்கள். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவிக்கு ஆள் தேடுகிறார்கள். திங்கட்கிழமை போகிறேன்.

உங்கள் மகள்
எஸ்தர்


மஸ்கட்
2 ஆகஸ்ட் 2024

எஸ்தருக்கு அப்பா எழுதுவது. இங்கே சுகம்.

மகள் இன்ஜினீயர் ஆகப்போகிறாள் என்று ரூமில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். "இன்னா தேவா, பொண்ணு காலேஜ்ல சேர்ந்துடுச்சா?" என்று பக்கத்துக் கட்டில் சிட்டிபாபு கேட்கும்போதெல்லாம் வண்டியைத் துடைக்கப் போய்விடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றது ஆசைப்பட்டு அல்ல. உனக்கு வழி திறந்திருக்கிறது, நீயாக நிற்கிறாய். அதுதான் தாங்கவில்லை. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

தேவசகாயம்


காஞ்சிபுரம்
9 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

எழுத வேண்டாம் என்றீர்கள், ஏழு மாதம் எழுதவில்லை. இன்று முடியவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் எனக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்துவிட்டார்கள். தப்பாகக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நேற்று காலை, வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போன் செய்தாள். "எஸ்தரு, ஓடியாம்மா. ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு கையால என்னமோ சொல்லிக்கினே இருக்குது, ஒருத்தருக்கும் புரியல."

அவள் பெயர் கீர்த்தி. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவள். பிறந்ததிலிருந்து காது கேட்காது, தன் பெயரைத் தவிர எழுத வராது. புருஷன் சேலை கொடுக்கச் சென்னைக்குப் போயிருந்தார். பிரசவ பயம் என்று நினைத்துக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். என் கைகள் அசைந்ததைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னது ஒன்றுதான்: முந்தின நாள் இரவு முதல் குழந்தை அசையவில்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். உடனே ஸ்கேன், ஆபரேஷன். "நீயும் உள்ளே வாம்மா" என்றார். குழந்தையை எடுத்தார்கள். சத்தமே இல்லை. கீர்த்தி என் முகத்தையே பார்த்தாள். பிறகு குழந்தை வீறிட்டது அப்பா. நான் இரண்டு கைகளாலும் சொன்னேன்: அழுகிறாள், நல்லா சத்தமாக அழுகிறாள், பெண் குழந்தை.

எனக்கு எது பிடிக்கும் என்று இப்போது தெரியும். செவித்திறன், பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்குத்தான் விண்ணப்பிப்பேன்.

எஸ்தர்


காஞ்சிபுரம்
18 செப்டம்பர் 2025

அப்பா,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. இருந்தாலும் முதலில் உங்களுக்குத்தான். சீட் கிடைத்துவிட்டது. நான் கேட்ட படிப்பு, சென்னையில். ஆஸ்பத்திரிச் சுவரில் என் போன் நம்பரை ஒட்டியிருக்கிறார்கள், இதுவரை பதினோரு பேருக்குப் பேசிக் கொடுத்தேன். சென்னைக்குப் போனாலும் வீடியோவில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எஸ்தர்


மஸ்கட்
21 செப்டம்பர் 2025

என் செல்ல மகளே,

உன் மார்ச் மாதக் கடிதத்துக்குப் பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். வீணாகப் போகும் வருஷம் என்று நினைத்தவன் என்ன எழுதுவது? ரூமில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். குழந்தை வீறிட்ட இடத்தில் சிட்டிபாபு எழுந்து வெளியே போய்விட்டான். இப்போது அவன்தான் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கினு திரிகிறான்.

உன் வயதில் எனக்கு யோசிக்க ஒரு வாரம்கூட யாரும் கொடுக்கவில்லை. நீ ஒரு வருஷத்தை என்னிடம் கேட்டாய், நான் கொடுக்கவில்லை, நீயே எடுத்துக்கொண்டாய். நல்ல வேளை எடுத்துக்கொண்டாய் அம்மா.

லீவு கிடைத்துவிட்டது. முதல் நாள் காலேஜ் வாசல் வரைக்கும் நானும் வருவேன். யாராவது கேட்டால் நிதானமாகச் சொல்லப்போகிறேன், எஸ்தருடைய அப்பா என்று.

உன் அப்பா