மகன் கொடுத்தனுப்பிய பால்

பம்பாயில் இருக்கும் மகனுக்கு,

லீவு கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில் வந்த உன் தந்தியை அரியலூர் ஆஸ்பத்திரி நர்ஸ்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். உன் அப்பா காதில் விழாமல் மெதுவாகப் படித்தாள்.

கடைசிப் பாலை நீ வந்துதான் ஊற்ற வேண்டுமென்று அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். நான் ஊற்றியதெல்லாம் கழுத்தில் வழிந்தது. நர்ஸ் டம்ளரை வாங்கி, "அப்பா, இது உங்க மவன் குடுத்தனுப்புன பாலு, குடிங்க" என்றாள். உடனே குடித்தார். அதோடு உயிர் போயிற்று.

"வேதக்காரப் பொண்ணு ஊத்தலாமா?" என்று, அவள் கிறிஸ்தவள் என்பதற்காக உன் பெரியப்பா குதித்தார். "பெத்த மவன் எங்கங்க?" என்று கேட்டேன்.

இனி உனக்கு லீவுத் தொல்லை வேண்டாம். என் வாய்க்கும் பால் ஊற்ற அவளிடமே சொல்லி வைத்திருக்கிறேன். அப்போது உன் பேரைச் சொல்ல வேண்டாமென்றும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்