உங்களை ராசாவாக்கிவிட்டார்கள், அத்தான்

எத்தனையோ தமிழ்ச் சொற்களில் தடுக்கி விழுந்தாலும், "மச்சாள்" என்று என்னைக் கூப்பிடும்போது மட்டும் ஒருநாளும் தடுமாறாத என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகிவிட்டது. போன சனிக்கிழமை உங்களுக்கான ஆண்டுத் திருப்பலி. பூசை நல்லபடி நடந்தது, அக்காவும் அழாமல் இருந்தா. அதற்குப் பிறகு பங்கு மண்டபத்தில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு நித்திரை வராது. கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்கள் நினைவு அட்டையை நீங்கள் பார்த்திருந்தால், யார் இந்த ஆள் என்று கேட்டிருப்பீர்கள். முகப்பில் உங்கள் படம். முதியோர் இல்லத்துக் கிறிஸ்மஸ் விருந்தில் எடுத்தது, நீலச் சட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அதற்கு மேலே பொன்னிற எழுத்தில் "பிலிப்பைன்ஸ் அரச வம்சத்து இளவரசர்" என்று போட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு கிரீடம் வேறு! ஐரோப்பிய ராணிமார் வைக்கிற மாதிரியான கிரீடம். உங்கள் தீவுகளில் எந்தத் தலையாவது அப்படியொன்றைச் சுமந்ததா, அத்தான்?

செய்வித்தவர் பெரியப்பா. எங்கள் அப்பாவின் தமையன். உங்கள் கலியாணத்துக்கு வராதவர். "பெட்டை போயும் போயும் ஒரு சப்பை மூக்கனைப் பிடிச்சிருக்கிறாள்" என்று நாங்கள் இருக்கிற இந்தப் பூம்ப்ளிஸ் பகுதி முழுக்கச் சொல்லித் திரிந்தவர். உங்கள் வீட்டுக்கு வந்தால் கதிரையின் நுனியில் இருப்பார், தேத்தண்ணி குடிக்கமாட்டார். உங்கள் பெயரை அவர் வாயால் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. "அந்தப் பிலிப்பைன்" என்பார், அவ்வளவுதான். அந்த மனிதருக்குத்தான் இப்போது நீங்கள் இளவரசர்.

இது எங்கே தொடங்கியது தெரியுமா? உங்கள் செத்தவீட்டில். உங்களோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்த நெனெத் எழும்பி, அழுதழுது இந்த நாட்டு டொச் மொழியில் பேசினா. உங்கள் நாட்டிலிருந்து பேர்ணுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் உங்களிடம்தான் வருவார்கள், விசாப் பிரச்சினை என்றாலும் புருசன் பெண்சாதிச் சண்டை என்றாலும் உங்கள் குசினி மேசையில்தான் தீரும் என்று சொல்லிவிட்டு, "அவர் எங்கள் டாத்து" என்று முடித்தா. பெரியப்பா என் பக்கம் குனிந்து, "டாத்து எண்டா என்ன?" என்று கேட்டார். நான் வாய் திறக்கமுதல் முன்வரிசையில் இருந்த யாரோ, "பழைய காலத்து ராசாவாம்" என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பாவின் கண் விரிந்ததை நான் கண்டேன். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நீங்கள் அந்தச் சொல்லை எங்களுக்கு விளங்கப்படுத்திய நாள் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் மீன் பொரித்துக்கொண்டு நின்றீர்கள். அக்கா பகிடியாக, "உங்கட ஊரிலயும் ராசாமார் இருந்தவையோ, இல்லாட்டி மீன் மட்டும்தானோ?" என்று கேட்டா. ஊரில் சரித்திரம் படிப்பித்த வாத்தியார் இல்லையா, உடனே அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினீர்கள்.

"ராஜா எங்கட ஊரிலயும் இருந்தது. அந்தச் சொல்லு உங்கட பக்கத்தால கப்பலில வந்தது. மணிலாப் பக்கத்துத் தகாலோக் ஆக்கள் பெரிய தலைவரை லக்கான் எண்டும் சொன்னவை. ஆனா அவைக்குக் கீழ, ஊருக்கு ஊர் இருந்தது டாத்து. சனம் பின்னால வந்தா அவர் டாத்து. சனம் கோவிச்சுக்கொண்டு வேற டாத்துவிட்டப் போனா, இவர் சும்மா ஒரு மனுசன்."

"அப்ப நல்ல மனுசர்தான் டாத்துவா வருவினமோ?" என்று நான் கேட்டேன்.

"ஐயோ மச்சாள், அப்பிடி இல்லை. தகப்பனுக்குப் பிறகு மகன் எண்டுதான் கூட நடந்தது. சண்டைக்குப் போறதும் அவை, கடன்பட்டவனைத் தங்கட வேலைக்காரனா வைச்சிருந்ததும் அவை. அந்த வேலைக்காரனுக்கு அலிப்பின் எண்டு பேர். புத்தகத்தில ராஜாவின்ர பேர் இருக்கு, லக்கானின்ர பேர் இருக்கு. படகு வலிச்சவன்ர பேர் இல்லை. எங்கட குடும்பப் பேரும் ஒரு புத்தகத்திலயும் இல்லை. அப்ப நான் எந்தப் பக்கம்?" என்று சொல்லி, கரண்டியைத் துடுப்பு மாதிரிப் பிடித்து வலித்துக் காட்டினீர்கள். அக்கா சிரித்த சிரிப்பில் மீன் கருகிவிட்டது.

அந்தப் படகுக்காரனை இளவரசனாக்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சொல்லவே வாய் கூசுகிறது.

உங்கள் மகள் லிகாயாவுக்குக் கலியாணம் பேசினார்கள். பேசினார்கள் என்பதும் சரியில்லை, அவளாகத்தான் பார்த்துக்கொண்டாள். பாசல் நகரத்தில் அவள் வேலை செய்கிற ஆய்வுகூடத்தில் டிலக்சன் என்றொரு பெடியன், யாழ்ப்பாணத்து ஆட்கள், அவனும் இங்கேயே பிறந்தவன். இரண்டு பேரும் ஒன்றாகத் திரிந்ததை நீங்களும் அறிவீர்கள். நீங்கள் போன பிறகு அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். தாய்க்காரி பெரியப்பாவுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்ட முதல் கேள்வி, "தாய் பக்கம் தெரியும். தகப்பன் என்ன ஆக்கள்?"

என்ன ஆக்கள்! சமுத்திரம் தாண்டி, பனிமலை தாண்டி வந்தும், இந்த நாட்டுப் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டும், எங்கள் சனத்துக்கு இந்தக் கேள்வியை மட்டும் கைவிட முடியவில்லை. மாதாவுக்கு முன்னால் ஒன்றாக முழங்காலில் நிற்பார்கள். எழும்பின கையோடு கேட்பார்கள், என்ன ஆக்கள் என்று. பிலிப்பைன்ஸ்காரனுக்கு நளவன் வெள்ளாளன் என்று சாதி பார்க்க வழியில்லை. அதனால்தான் பெரியப்பாவுக்கு அந்த டாத்து கைகொடுத்தது. "ராச பரம்பரை, இளவரசர் முறை" என்று சொல்லியிருக்கிறார். தாய்க்காரி குளிர்ந்துபோனாவாம்.

அட்டையின் படத்தை வட்ஸ்அப்பில் கண்டவுடன் நான் பெரியப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"பெரியப்பா, இது பொய். அவரே தன்னை அப்பிடிச் சொன்னதில்லை."

"எடி பிள்ளை, பொய்யோ? நாலு பேருக்கு முன்னால அவையின்ர ஆளே சொன்னதுதானே. நான் தமிழில போட்டிருக்கிறன்."

"நெனெத் சொன்னது வேற. எல்லாருக்கும் உதவி செய்தவர் எண்டு சொன்னவ."

"உதவி செய்தவர் எண்டு போட்டா ஆர் பொம்பிளை எடுப்பினம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அக்காவிடம் போனேன். அவவுக்கு முதலே தெரிந்திருந்தது, அத்தான். அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. "பொய்தான். ஆனா ஆருக்கு என்ன நட்டம்? அவர் இருந்தாலும் பிள்ளைக்காக ஒண்டும் சொல்லாமல் இருந்திருப்பார்" என்றா. இருந்திருப்பீர்களா? நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஸ்பானியர் வந்து டாத்துமாரை வரி பிரிக்கிற ஆட்களாக்கினார்கள் என்று ஒருமுறை சொன்னீர்கள். பட்டம் இருந்தது, பின்னால் வர விருப்பமுள்ள சனம் இல்லை என்றீர்கள். அந்தச் சொல்லை இப்போது எங்கள் ஆட்கள் எடுத்து, சாதிக்குப் பதில் எழுதுகிற ஒட்டுத்தாளாக்கிவிட்டார்கள். எனக்குப் பற்றி எரிந்தது.

மண்டபத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். டிலக்சன் தாய் தகப்பனோடு முன்மேசையில். உங்கள் நாட்டுச் சனம் நெனெத்தோடு பின்னால், பெரிய பெரிய சட்டிகளில் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். லிகாயா கோயிலில் இருந்து வந்து அட்டையை அப்போதுதான் கையில் எடுத்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எங்கட மருமகன் ஒரு அரச குடும்பத்து இளவரசர். தன்ர பெருமையை வெளியில காட்டாமல் எங்களோட எளிமையா வாழ்ந்தவர்…"

நெனெத் என் தோளைத் தட்டி, என்ன சொல்கிறார் என்று கேட்டா. மொழிபெயர்த்தேன். முதலில் சிரித்துவிட்டா. நான் சிரிக்காததைக் கண்டதும் அவவின் முகம் மாறிவிட்டது. "ஏன், அவர் செய்த வேலை இவர்களுக்கு வெட்கமா?" என்று கேட்டா. அவவும் அதே வேலைதானே செய்கிறா.

அதற்குப் பிறகு நான் கதிரையில் இருக்கவில்லை. போய்ப் பெரியப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். பறித்தேன் என்றுதான் சொல்கிறார்கள், சொல்லட்டும்.

"என்ர அத்தான் இளவரசர் இல்லை. அவற்ர முன்னோரும் ராசா இல்லை. ஊரில வாத்தியாரா இருந்தவர், இஞ்ச முதியோர் இல்லத்தில வயசுபோன சனத்தைக் குளிக்கவாத்து, சாப்பாடு தீத்தினவர். டாத்து எண்டு அவற்ர ஆக்கள் சொன்னது பிறப்பைப் பாத்தில்லை. தங்களுக்கு ஒரு கரைச்சல் எண்டா அவரிட்டப் போனபடியால் சொன்னவை. நாங்கள் ஆரும் அவரை மனுசரா மதிச்சுக் கூப்பிடாத நாளிலயும் அவை அவரிட்டப் போனவை."

டிலக்சனின் தாய், மெதுவாகக்கூட இல்லை, கேட்டா: "அப்ப அவர் என்ன ஆக்கள்?"

நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, கெட்ட வார்த்தையாகத்தான் இருந்திருக்கும். அதற்குள் அக்காவின் குரல் கேட்டது. இருந்த கதிரையில் இருந்தபடியே, தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னா:

"அவர் என்ர ஆள்."

அத்தான், அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

லிகாயா எழும்பி டிலக்சனுக்கு முன்னால் போய் நின்றாள். அவர்கள் இரண்டு பேரும் பேசுகிற சுவிஸ் டொச்சில், "சேக் ஒப்பிஸ்" என்றாள். ஏதாவது சொல்லு என்று. அவன் தாயைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். அவள் பின்னுக்குப் போய், நெனெத்தின் கையிலிருந்த கரண்டியை வாங்கிச் சனத்துக்குச் சாப்பாடு போடத் தொடங்கினாள். டிலக்சன் வீட்டார் சாப்பிடாமல் போனார்கள். அவன் வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பார்த்து என்ன?

"பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டாய்" என்று பெரியப்பா என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கெடுத்தேனா, அத்தான்? லிகாயாவிடம் முதலே தனியாகச் சொல்லியிருக்க வேண்டுமோ? இரவில் படுத்துக்கிடந்து இதைத்தான் யோசிக்கிறேன். ஆனால் அந்த மைக்கை வாங்காமல் இருந்திருந்தால் நெனெத்தின் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

நேற்று லிகாயா பாசலிலிருந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. டிலக்சன் ஒவ்வொரு நாளும் எழுதுகிறானாம், மன்னிப்புக் கேட்கிறானாம். "சித்தி, அவன் எனக்கு எழுதத் தேவையில்லை. எங்கட அப்பா என்ன வேலை செய்தவர் எண்டு தன்ர அம்மாவுக்குத் தமிழில சொல்லட்டும். அதுக்குப் பிறகு நான் கதைக்கிறன்" என்றாள். அவன் சொல்வானா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. சொல்லிக்கொண்டே அழுதாள். உங்கள் மகள், அழுதாலும் சொன்னதை மாற்றமாட்டாள்.

இன்றைக்கு எங்கள் வீதியில் பழைய பேப்பர் எடுக்கிற நாள். மிஞ்சின அட்டைகளை அவளும் நானும் கயிற்றால் கட்டி, காலையில் வாசலில் வைத்தோம். கட்டமுதல் அவள் எல்லாவற்றிலும் உங்கள் படத்தை வெட்டி எடுத்துவிட்டாள். கிரீடங்கள் மட்டும் போயின.

அடுத்த மாதம் உங்கள் கல்லறையில் இருக்கிற மரச் சிலுவையை எடுத்துவிட்டுக் கல் வைக்கப்போகிறோம். என்ன எழுதுவது என்று பெரியப்பா ஆளனுப்பிக் கேட்டிருக்கிறார். அவருக்கு அக்கா மறுமொழி அனுப்பவில்லை. கல் வெட்டுகிறவரிடம் நானும் அக்காவும்தான் போனோம். உங்கள் பெயர், அதற்குக் கீழே தமிழிலும் உங்கள் மொழியிலும் "ஆசிரியர்". வேறு ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், அத்தான். எனக்கு மூச்சிருக்கும் வரை, உயர்த்தவோ தாழ்த்தவோ, ஒருவரும் உங்களை நீங்கள் இல்லாத ஒருவராக்க விடமாட்டேன். நெனெத்தின் ஆட்கள் உங்கள் குசினி மேசையைத் தேடி இன்னும் வருகிறார்கள். அக்கா கதவைத் திறக்கிறா, நான் தேத்தண்ணி போடுகிறேன். இனியும் போடுவேன்.

என்றும் உங்கள் வீட்டாளாக,
உங்கள் மச்சாள்
ஜெசிந்தா
பூம்ப்ளிஸ், பேர்ண்